மாவுப்பைத் திரைச்சீலை

ஒரு துணி எந்த நாளில் பழையதாகிறது?

1963 ஜனவரியில், மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டு பாக்கியக்கா என்னிடம் இதைக் கேட்டாள்.

"கிழிஞ்சா" என்றேன்.

"கிழிஞ்சா தைக்கலாமே."

"சாயம் போனா."

"மறுபடியும் முக்கலாமே, காமு."

"அப்போ நீயே பறை" என்று, நீயே சொல் என்பதை மலையாளத்தில் சொல்லிக் கோபித்துக்கொண்டேன். அவளுக்கும் விடை தெரியவில்லை. போட் வந்தது. அவள் துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எறணாகுளத்துக்கு ஏறிப் போனாள். நான் கரையிலேயே நின்றேன். பத்தாம் கிளாஸ் முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு அக்கரையிலும் வேலை இல்லை, இக்கரையிலும் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் கால் நிற்காது. அதனால் தினமும் காலையில் அவளை வழியனுப்ப ஜெட்டிவரை நடப்பது என் உத்தியோகமாக இருந்தது.

அவளுடைய முழுப்பெயர் பாக்கியலக்ஷ்மி. அப்போது வயது பத்தொன்பது, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் தெருவுக்குப் பின்னால், மிளகு, மஞ்சள் பண்டகசாலைகளின் மதிலை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் அவளும் அவள் அம்மா மூக்கம்மாளும் இருந்தார்கள். அப்பா அவளுக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். மூக்கம்மாளுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இங்கே பண்டகசாலையில் சாக்குத் தைக்கும் வேலை. எலி கடித்த சாக்கு, கொக்கி இழுத்த சாக்கு, ஓரம் நைந்த சாக்கு எல்லாம் மலைபோல அவள் முன்னால் கிடக்கும். ஒரு சாண் நீளக் கோணியூசியும் சணல் நூலுமாக விடியற்காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒட்டுப் போடுவாள்.

மகள் மட்டும் அந்த ஊசியைத் தொடக்கூடாது என்பது அவளுடைய சபதம். அதற்காகத்தான் மகளை எறணாகுளத்தில் நெசவும் சாயமும் தையலும் சொல்லித்தரும் இரண்டு வருஷப் படிப்பில் சேர்த்திருந்தாள். பிப்ரவரி முதல் வாரம் கடைசிப் பரீட்சை. ஒவ்வொருவரும் தன் கையால் சாயம் முக்கி, தானே யோசித்த ஒரு வடிவத்தைப் போட்டு, ஒரு ஜோடித் திரைச்சீலை செய்து வைக்க வேண்டும். துணியை அவரவரே கொண்டுவர வேண்டும். வெளியூரிலிருந்து பரிசோதகர் வருவார். ஜெயித்தால் தையல் டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். தோற்றால் இன்னொரு வருஷம் படிக்கவைக்க மூக்கம்மாளால் முடியாது.

மற்றப் பெண்கள் எல்லோரும் புது மல் துணி வாங்கினார்கள். பாக்கியக்கா வாங்கவில்லை. வாங்க வழியில்லை என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அவளே சொன்னாள்: "புதுத் துணிய யாரு வேணும்னாலும் அழகாக்கலாம் காமு. எனக்கு மத்ததுதான் கை துறுதுறுங்குது."

அந்த மூட்டையில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். பள்ளிக்கூடங்களுக்கு அமெரிக்க மாவு வந்த வெள்ளைத் துணிப்பைகள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் நீல மையில் அச்சாகியிருக்கும். ஓரம் நைந்த பழைய முண்டு வேட்டிகள் நான்கு. இவை தவிர, கனமான கரை வைப்பதற்கு ஒரு முரட்டுத் துணி வேண்டும் என்றாள். அதைத் தேடித்தான் இரண்டு பேரும் ராசப்பன் கடைக்குப் போனோம்.

கப்பலிலும் பத்தேமாரி என்ற பாய்மரக் கலத்திலும் கழித்துப்போட்ட கயிறு, விளக்கு, தார்ப்பாய், பாய்மரத் துணி எல்லாம் விற்பவர் ராசப்பன். நாகர்கோவில்காரர். பாதி மலையாளம் பேசுவார்.

"மோளே, இது பதினாலு கொல்லம், பதினாலு வருஷம், கடல் கண்ட பாயாக்கும். பம்பாய் போய் வந்தது, பஸ்ரா போய் வந்தது. நீ எறணாகுளம்கூடத் தாண்டினதில்ல."

"அதான் அண்ணாச்சி, களைச்சுப்போயி ஓட்டை ஓட்டையா இருக்கு" என்றாள் பாக்கியக்கா.

"ஓட்டை வழியாக் காத்து வரும். சன்னலுக்குத்தானே?"

"காத்து சும்மாத்தானே வருது. அதுக்கும் சேத்து வெல சொல்றீங்களே!"

ராசப்பன் சிரித்துவிட்டார். கிழிந்த பாயில் நல்ல பக்கமாக இரண்டு கஜம் அறுத்துக்கொடுத்தார். கூடவே ஒரு பழைய மீன்வலையையும் தூக்கி என் தோளில் போட்டார். "கொண்டு போ. முற்றத்துல துணி உணக்கும்போ காக்கா வராது." இங்கே இஞ்சியோ மீனோ காயப்போட்டால் மேலே பழைய வலையை விரிப்பதுதான் வழக்கம். அந்த வலை என்னென்ன செய்யப் போகிறது என்று எங்கள் மூவருக்குமே தெரியாது.

பழந்துணியைத் தொட்டதற்கு என் வீட்டில் எனக்குக் கிடைத்தது குளியல். என் அம்மா அனந்தலக்ஷ்மி வாசலிலேயே மறித்தாள். "எந்தச் சவத்தோட துணியோ, எந்தத் துலுக்கன் கப்பலோ! கொல்லப்பக்கமா வந்து கிணத்தடில குளிச்சுட்டு உள்ள வா. கேட்டியோ?" அந்த மாதம் நான் ஒரு நாளில் மூன்று தடவைகூடக் குளித்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்போ பின்போ நான் இருந்ததில்லை.

நீல மையைப் போக்கவே ஒரு வாரம் ஆயிற்று. மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம், சவக்காரம் போட்டுக் காய்ச்சினோம், கல்லில் அடித்தோம், மறுபடி காய்ச்சினோம். எட்டுப் பைகளில் கைகள் மறைந்தன. ஒன்பதாவதில் மட்டும் அவை விடவில்லை. மங்கலாகக் குலுக்கிக்கொண்டே இருந்தன.

சாயத்துக்கு மஞ்சள். பண்டகசாலை முற்றத்தில் மூட்டை ஏற்றி இறக்கியபின் தரையில் ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் தூசி கிடக்கும். மேஸ்திரி அதைக் கூட்டி அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார். "மஞ்சள் வேண்டா குட்டி, அது நில்க்கில்ல" என்று, அந்தச் சாயம் நிற்காது என அவளுடைய டீச்சர் முதலிலேயே எச்சரித்திருந்தார். பாக்கியக்கா கேட்கவில்லை. முதல் துண்டை முக்கி எடுத்தபோது அந்தச் சின்ன வீடே வெளிச்சமாகிவிட்டது. மாவுப்பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டினேன்.

அடுத்து நாங்கள் செய்த காரியம் அவ்வளவு புத்திசாலித்தனமானதில்லை. சாயம் நிற்கிறதா என்று பார்க்கச் சோப்புப் போட்டு அலசினோம். துணி ரத்தச் சிவப்பாகிவிட்டது. வாளியும் சிவப்பு. எங்கள் கைகளும் சிவப்பு. அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த மூக்கம்மாள், "ஐயோ, எம் பிள்ள கைய அறுத்துக்கிட்டாளே!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்று ஆரத்தி சுற்றும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். சோப்பிலும் அந்தக் காரம்தான் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. புளித்தண்ணீரில் போட்டதும் மறுபடி மஞ்சளானது. அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் வடிவம் அமையவில்லை. வெண்டைக்காயை நறுக்கி அச்சுக் குத்திப் பார்த்தாள், வாழைத்தண்டில் குத்திப் பார்த்தாள். எல்லாம் துணியில் பரவிச் சேறானது. பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது அவளிடம் இருந்தது ஒட்டித் தைத்த இரண்டு வெறும் மஞ்சள் துணிகள்தான். கோணல் இல்லாமல், முடிச்சுத் தெரியாமல் தைத்திருந்தாள். அந்தத் தையலை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதினெட்டு வருஷம் அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள் அவள்.

மறுநாள் காலையில் அவள் போட்டில் போகும்முன் துணிகளைக் கடைசியாக ஒரு முறை மஞ்சளில் முக்கி, பண்டகசாலை முற்றத்தில் விரித்தாள். "காமு, காஞ்சதும் எடுத்து உள்ள வச்சிரு. ஒரு மணி நேரம்தான். வெயில்ல கெடந்தா வெளுத்துரும். மறந்துராதே."

"நான் மறப்பேனா?" என்றேன்.

வலையைக் கிணற்றடியில் நனைத்து, காற்றில் பறக்காமல் இருக்கத் துணிமேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். அப்போது தெருவில் போன யாரோ போர்ட் கொச்சி முனையில் பெரிய வெள்ளைக் கப்பல் ஒன்று நுழைகிறது என்று சொன்னார்கள். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். கப்பல் நுழைந்தது. அதன்பின் இன்னொன்று நுழைந்தது. பஸ் வரவில்லை. நடந்தேன். நான் திரும்பி வந்தபோது மணி நாலரை.

வலைக்கண்கள் வழியாக எட்டிப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. பழைய சாதம்போல வெளிறிக் கிடந்தது துணி. அவளிடம் சொல்லாமல் ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஓடவில்லை. அவள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு அவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் மூக்கம்மாளும் வேலை முடிந்து வந்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. "கப்பல் பாக்கப் போயிட்டேன் அக்கா" என்றேன். பாக்கியக்கா மூட்டையைக் கீழே வைத்தாள். குனிந்து, வலையை முழுசாக உருவி எடுத்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

வெளிறிய துணியின்மேல் மஞ்சள் கோட்டில் ஒரு வலை கிடந்தது. கண் கண்ணாக, முடிச்சு முடிச்சாக. ஓர் இடத்தில் மீன் கிழித்துப்போன ஓட்டைகூட அப்படியே இருந்தது. நனைந்த கயிறு ஒட்டிக் கிடந்த இடத்தில் வெயில் படவில்லை. அங்கே சாயம் தங்கிவிட்டது.

"அம்மா! வலைய எடுத்தாச்சு, ஆனா வலை போகல பாரும்மா!" என்று கத்தினாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "காமு, உனக்குக் கோயில் கட்டணும்டீ! எத்தனை மணிக்குப் போட்ட? எத்தனை மணிக்கு எடுத்த? சரியாச் சொல்லு!" நோட்டை எடுத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

மூக்கம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, காகிதம் சுற்றிய ஒரு கட்டை எடுத்துவந்து மகளின் மடியில் வைத்தாள். பிரித்தால், கஞ்சி மொடமொடக்கும் புது வெள்ளைத் துணி. எப்போது வாங்கினாள் என்று மகளுக்கே தெரியாது.

"இத வச்சுச் செய்யி. இன்னும் ஏழு நாள் இருக்கு."

"அம்மா, இதைப் பாரும்மா முதல்ல..."

"பாத்துட்டேன். பதினெட்டு வருசமா ஊரான் சாக்குக்கு ஒட்டுப் போட்டவடி நான். எம் மக ஒட்டுத் துணியத் தூக்கிட்டுப் பரீச்சைக்குப் போனா, அந்தப் பெரிய மனுசன் உன்னப் பாக்க மாட்டான். என் ஊசியத்தான் பாப்பான்."

பாக்கியக்கா புதுத் துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பாக்கட்டும்மா" என்றாள்.

"தோத்தேன்னா என் பக்கத்துல வந்து உக்காந்து சாக்குத் தைக்கணும். அதுக்கா உன்னப் போட்டுல ஏத்தி அனுப்புனேன்?"

"தோத்தா உக்காந்து தைக்கிறேன். ஆனா இது எனக்குக் கெடச்சிருச்சும்மா. இத விட்டுட்டு என்னால போக முடியாது."

மூக்கம்மாள் புதுத் துணியை எடுத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். பெட்டியைப் பூட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று நாள் அவள் மகளோடு பேசவில்லை.

அந்த மூன்று நாளும் முற்றம் ஒரே கொண்டாட்டம். முருங்கை இலை, சீப்பு, சாவி, இஞ்சித் துண்டு, என் வளையல், மேஸ்திரியின் மூக்குக் கண்ணாடி என்று கையில் கிடைத்ததை எல்லாம் மஞ்சள் துண்டுகளின்மேல் வைத்துப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் மங்கலாக, நாலு மணி நேரத்தில் தெளிவாக, மேகம் வந்தால் சேறாக விழுந்தது. கண்ணாடி வைத்த இடத்தில் பிரேம் மட்டும் விழுந்ததைப் பார்த்து மேஸ்திரி, "என்னோட முகம் எங்கே?" என்று கேட்டார். பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு, துணிகளை மறுபடி முக்கி, வலையை நனைத்துச் சுருக்கம் இல்லாமல் நீவி விரித்தோம். இந்தத் தடவை நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை அசையவில்லை. கப்பல் ஊதியது. காதைப் பொத்திக்கொண்டேன்.

பரீட்சை நாளன்று மூட்டையைத் தூக்க நானும் போட்டில் போனேன். கூடத்தில் கயிறு கட்டித் திரைச்சீலைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ரோஜாப்பூ, மயில், தாமரை எல்லாம் புதுத் துணியில் பளபளத்தன. கடைசியில் எங்களுடையது, மேலும் கீழும் பாய்மரத் துணிக் கரையோடு. வராந்தாவில் நின்ற எனக்கு அதுதான் அழகு என்று தோன்றியது. ஆனால் டீச்சரின் முகம் வாடியிருந்தது.

பரிசோதகர் கோயம்புத்தூர்க்காரர். பெயர் வெங்கிடாசலம். மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர் இங்கே நின்றார். துணியைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினார். தையல்மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஒட்டு எங்கே என்று விரலுக்குத் தெரியாததால் மறுபடி ஓட்டினார்.

"ஏனுங்க அம்மணி, இது ஆரு கையி?" என்றார். ஒன்பதாவது பையின் கைகளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மாவுப்பைக் கை சார். எவ்வளவு அடிச்சாலும் விடமாட்டேங்குது."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "மாவுப்பையா? தையல் சுத்தமா இருக்குதே. எங்க கத்துக்கிட்டீங்க?"

வராந்தாவிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். இந்தப் படிப்பில் என்று அவள் சொல்லியிருக்கலாம்.

"எங்கம்மா பண்டகசாலையில சாக்குத் தைக்கிறாங்க சார். அதைப் பாத்து."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "மஞ்சச் சாயம். இது வெயில்ல நிக்காதுங்களே?"

"நிக்காது சார்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான் சார். வெயில்ல போறதுனாலதான் வலை விழுந்துச்சு. போகாத சாயத்துல இது விழாது. வெளுத்தா மறுபடி முக்கி வேற படம் போட்டுக்கலாம். துணி அதேதான்." மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் துண்டை எடுத்தாள். "உங்ககிட்ட இருக்கிற ஏதாவது ஒண்ணு குடுங்க சார். சாயங்காலம் திருப்பித் தர்றேன்."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். ஜிப்பாப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். "தொலைச்சிராதீங்க அம்மணி. அப்புறம் நான் ஊட்டுக்குள்ள போக முடியாது."

மணி பத்தே கால். முற்றத்தில் துண்டை விரித்து, சாவிக்கொத்தை வைத்தோம். காவல் யார் என்று சொல்ல வேண்டுமா? மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்து, மற்ற வேலைகளை எல்லாம் பார்த்து, மூன்று மணிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் வந்தார்கள். குனிந்து சாவிக்கொத்தை எடுத்தார். மூன்று சாவிகளும் வளையமும் துணியில் மஞ்சளாக அப்படியே கிடந்தன.

"அட!" என்றார். கையிலிருந்த சாவியைத் துணியிலிருந்த சாவிமேல் பொருத்திப் பார்த்தார். பல்லுக்குப் பல் சரியாக இருந்தது. சின்னப் பிள்ளைபோல நான்கு தடவை பொருத்திப் பார்த்தார்.

சாயத்துக்கு அவர் பாதி மார்க்தான் போட்டார். "நிக்காத சாயத்துக்கு முழு மார்க்குப் போட்டா என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றார். வடிவத்துக்கும் தையலுக்கும் குறைக்கவே இல்லை. அந்தச் சாவித் துண்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பாக்கியக்கா ஜெயித்துவிட்டாள். முதல் வகுப்பில் இல்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டாள். திரும்பும் போட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்காரவே இல்லை.

மூக்கம்மாள் பண்டகசாலையில் சாக்குக் குவியல் நடுவில் இருந்தாள். மகள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தையலை எங்கே கற்றாய் என்று கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னாள். மூக்கம்மாள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "அத்தன பேரு முன்னாலயா சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றாள் மகள். "கிறுக்கி" என்றாள் அம்மா. அன்று ராத்திரி பெட்டியிலிருந்த புதுத் துணி வெளியே வந்தது. அதில் பாக்கியக்காவுக்கு இரண்டு ரவிக்கையும் எனக்கு ஒன்றும் ஆயிற்று.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது பாக்கியக்கா பள்ளுருத்தியில் ஒரு மகளிர் சங்கத்தில் தையல் டீச்சர். அங்கே வரும் பெண்கள் புதுத் துணி கொண்டுவர வேண்டியதில்லை. வீட்டில் கழித்துப்போட்டதைக் கொண்டுவந்தால் போதும். நானும் வாரத்தில் நான்கு நாள் போகிறேன். இப்போதெல்லாம் கால் ஓரிடத்தில் நிற்கிறது.

பரீட்சைத் திரைச்சீலை அவர்கள் வீட்டுச் சன்னலில்தான் தொங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் வெளுத்துவிடும். ஒவ்வொரு ஜனவரியிலும் மறுபடி முக்குவோம். அடுத்த வருஷம் முருங்கை இலை போட்டோம். அதற்கடுத்த வருஷம் என் யோசனைப்படி ஒரு கப்பல் வெட்டி வைத்தோம், அது படகுபோல விழுந்தது. இந்த வருஷம் துணியை விரித்துவிட்டு என்ன வைக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மூக்கம்மாள் உள்ளேயிருந்து ஒரு துணிப்பொட்டலம் கொண்டுவந்தாள். அதில் அவளுடைய கோணியூசிகள், பழையதும் புதியதுமாகப் பதினொன்று. குனிந்து, துணியின் நடுவில் ஒவ்வொன்றாக வரிசைக்கு அடுக்கினாள். ஒன்று கோணலாக இருந்தது, அதை மறுபடி நேராக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, கப்பல் கிப்பல்னு போயிராத" என்றாள்.

இப்போது தெருவில் போகிற யார் பார்த்தாலும் அந்தச் சன்னலில் பதினொரு மஞ்சள் ஊசிகள் தெரியும்.

ஜெட்டியில் என்னால் சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். இனி இதன்மேல் எதையும் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று நாம் விட்டுவிடும் நாளில்தான் ஒரு துணி பழையதாகிறது. இதைப் படித்த நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். பழந்துணி மூட்டையைத் தூக்கி எறிய நிற்கும் யாரையாவது பார்த்தால், மூக்கம்மாள் மகளின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். மஞ்சளை முக்கியபின் சோப்புப் போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.